தொட்டில் குறைந்த கதை

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது திருவாரூர் மாவட்டத்தில் 12,64,277 பேர் வாழ்ந்தனர். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அம்மாவட்டத்தில் கூடியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் மட்டுமே. அதே காலத்தில் தமிழ்நாடு முழுவதிலும் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு மேல் கூடினர். ஆயிரம் ஆண்களுக்கு 1,017 பெண்கள் இருந்தனர் என்பதும் அக்கணக்கில் காணும் செய்தி.

காவிரி பாயும் நெல்வளம் மிக்க நாட்டில் மக்கள் ஏன் இவ்வளவு மெதுவாகப் பெருகினர்? 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க' என்று மணமக்களை வாழ்த்துவது நம் வழக்கம். பதினாறு என்பது பிள்ளைகளின் எண்ணிக்கை அன்று, பேறுகளின் எண்ணிக்கை என்று புலவர்கள் விளக்குவர். ஆனால் வாழ்த்தைக் கேட்டவர்கள் பிள்ளைகளையே நினைத்தனர் என்பதில் ஐயமில்லை. அவ்வாறு வாழ்த்திய நாட்டில் இன்று வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு குழந்தைகள். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

திருவாரூர் தனி மாவட்டம் ஆனது 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில். அதற்கு முன் 1991 வரை அது பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் ஒரு பகுதி. இடையில் சில ஆண்டுகள் நாகை மாவட்டத்தோடு இருந்தது. ஆகவே பழைய எண்களைக் கூறும்போது தஞ்சை மாவட்டம் முழுவதற்குமான எண்களையே கூற வேண்டியுள்ளது.

மெதுவாக ஏறிய எண்கள்

1871-இல் தஞ்சை மாவட்டத்தில் 19,73,731 பேர் இருந்தனர். 1901-இல் அத்தொகை 22,45,029. அதாவது முப்பது ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினான்கு பேர் கூடினர். இத்தனைக்கும் 1876 முதல் 1878 வரை நிலவிய தாது ஆண்டுப் பஞ்சம் இப்பகுதியை அவ்வளவாகத் தாக்கவில்லை. பஞ்சத்தால் சென்னை மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே குறைந்தபோது, தஞ்சையில் அது ஏறியது. காவிரி காத்தது எனலாம்.

பின்னர் 1891 முதல் 1901 வரையிலான பத்தாண்டுகளில் வளர்ச்சி நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றனர். இலங்கைத் தோட்டங்களுக்கும் சென்றனர். இன்றும் திருவாரூர் மாவட்டத்துக் கூத்தாநல்லூரைச் 'சின்ன சிங்கப்பூர்' என்று அழைப்பதில் அப்பயணங்களின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2011-இல் பெண்கள் மிகுதியாக இருந்ததற்கும், பிழைப்புத் தேடி ஆண்கள் வெளியூர் செல்லும் இப்பழக்கம் ஒரு காரணம்.

ஆனால் கப்பலைவிடப் பெரிய காரணம் சுடுகாடு. அக்காலத்தில் பிறப்பும் மிகுதி, இறப்பும் மிகுதி. குளிக்கவும் துணி துவைக்கவும் மாடு கழுவவும் பயன்பட்ட வாய்க்கால் நீரையே மக்கள் குடித்தனர். திருவிழாக் கூட்டங்கள் கலைந்து ஊர் திரும்பும்போது காலராவும் கூடவே சென்றது. நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் 1884-இல் கல்கத்தாவில் உறுதிப்படுத்திய பின்னரும், அந்த அறிவு நம் வாய்க்கால் கரைகளை எட்ட வெகு காலம் ஆயிற்று.

கொசுவுக்குப் பிடிக்காத வயல்

இறப்பு குறைந்த வரலாற்றில் தஞ்சை மாவட்டத்துக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. பள்ளிப் பாடநூல்களில் இது இடம்பெறாதது வியப்பே.

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதன் பயனாகக் கல்லணைக் கால்வாய் வழியே, அதுவரை வானம் பார்த்த பூமியாக இருந்த பட்டுக்கோட்டைப் பகுதிக்குக் காவிரி நீர் வந்தது. நீரோடு மலேரியாவும் வந்தது. இதில் ஒரு புதிர் இருந்தது. திருவாரூர், கும்பகோணம் முதலிய பழைய பாசனப் பகுதிகளில் நூற்றாண்டுகளாக வயல்களில் நீர் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அங்கே மலேரியா பெருந்தொல்லையாக இல்லை. புதிதாக நீர் கண்ட பட்டுக்கோட்டைப் பகுதியில் மட்டும் அது ஏன் பரவியது?

ராக்பெல்லர் அறக்கட்டளையைச் சேர்ந்த அமெரிக்க மருத்துவர் பால் ரஸ்ஸலும் அவருடன் பணியாற்றிய இந்திய அறிவியலாளர்களும் 1930-களின் பிற்பாதியில் பட்டுக்கோட்டையில் தங்கி இதை ஆராய்ந்தனர். அவ்வட்டாரத்தில் மலேரியாவைப் பரப்புவது அனாபிலிஸ் கூலிசிபேசிஸ் என்னும் கொசு. இக்கொசு திறந்த நீர்ப்பரப்பின் மேல் பறந்தவாறே முட்டையிடும். நாற்று நட்டுச் சில நாள் வரையில் வயல் அதற்கு ஏற்ற இடம். பயிர் ஓரடி உயரம் வளர்ந்துவிட்டால் கொசு அங்கே முட்டையிடுவதில்லை! காரணம் பயிரின் நிழலா, மணமா, வேறு ஏதேனுமா? உயிருள்ள பயிருக்குப் பதிலாக உயிரற்ற குச்சிகளை நீரில் நெருக்கமாக நட்டுப் பார்த்தனர். அங்கும் கொசு முட்டையிடவில்லை. பறக்கும் வழியில் தடை இருந்தால் போதும் என்பது இதனால் விளங்கிற்று. இந்த ஆய்வில் ரஸ்ஸலுடன் ஈடுபட்டவர் டி.இராமச்சந்திர ராவ், பின்னாளில் இந்தியாவின் புகழ்பெற்ற கொசுவியல் அறிஞராக விளங்கியவர்.

எனவே குற்றவாளி நெல்வயல் அன்று. கால்வாய் வெட்ட மண் எடுத்த குழிகளும், கசிவு நீர்த் தேக்கங்களும், பயனின்றிக் கிடந்த கிணறுகளுமே குற்றவாளிகள். 'ஒழுங்கற்ற பாசனம்' என்று ரஸ்ஸல் இதற்குப் பெயரிட்டார். நீரைக் கொண்டுவந்தவர்கள் அதை வடிக்க மறந்தனர் என்பதே இதன் பொருள்.

பட்டுக்கோட்டைக்கு அருகிலுள்ள காசாங்காடு என்னும் சிற்றூரில் வீடுகளுக்குள் பைரீத்ரம் மருந்தைத் தெளித்துப் பார்த்தனர். பைரீத்ரம் என்பது சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு பூவிலிருந்து எடுக்கப்படுவது. நீரிலுள்ள புழுக்களைத் தேடி அலையாமல், வீட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் வளர்ந்த கொசுவைக் கொன்றால் குறைந்த செலவில் ஒரு கிராமத்தைக் காக்கலாம் என்பதை அச்சோதனை காட்டிற்று. விடுதலைக்குப் பின் 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் இதே வழியைத்தான் பின்பற்றியது. மருந்து மட்டும் டி.டி.டி. ஆக மாறியிருந்தது.

மலேரியாவோடு அம்மை, காலரா ஆகியவற்றின் கொடுமையும் படிப்படியாகத் தணிந்தது. இந்தியாவிலேயே முதன்முறையாகப் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1939-இல் இயற்றப்பட்டது. இறப்பு குறைந்தது, பிறப்போ முன்போலவே இருந்தது. விளைவு யாது? 1951-இல் ஏறக்குறைய 30 இலட்சமாக இருந்த தஞ்சை மாவட்ட மக்கள்தொகை 1971-இல் 38 இலட்சத்தைத் தாண்டியது. முன்பு முப்பது ஆண்டுகளில் கூடியதைப்போல் மூன்று மடங்கு இருபதே ஆண்டுகளில் கூடிவிட்டது.

முப்பது ரூபாய்

இந்தப் பெருக்கத்தைக் கண்டு முதலில் அஞ்சியவர்களுள் ஒருவர் ஆர்.ஏ.கோபாலசாமி. 1951-ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பை நடத்தியவர் அவரே. மூன்று குழந்தைகளுக்குப் பின்னும் மேலும் பெறுவதை முன்யோசனையற்ற தாய்மை என்று அவ்வறிக்கையில் கடிந்து எழுதினார். பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராக வந்தார். கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு முப்பது ரூபாய் கொடுக்கும் திட்டத்தை 1956-இல் இம்மாநிலம் தொடங்கியது. முன்யோசனை இல்லாதவர்கள் என்று ஏழைத் தாய்மாரைக் கூறியது சரிதானா? அவர்கள் போட்ட கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்.

முதுமையில் கஞ்சி ஊற்ற ஒரு மகனாவது வேண்டும் என்று ஒரு தம்பதியர் விரும்புவதாகக் கொள்வோம். பிறக்கும் குழந்தைகளில் பாதி ஆண், பாதி பெண். பிறப்பவற்றில் பாதி வளருமுன்னே இறந்துவிடும் எனக் கொண்டால், ஒரு பேற்றினால் வளர்ந்த மகன் கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று; கிடைக்காமற் போகும் வாய்ப்பு நான்கில் மூன்று. நான்கு பிள்ளை பெற்றாலும் ஒரு மகன்கூட எஞ்சாதிருக்கும் வாய்ப்பைக் காண, நான்கில் மூன்றை நான்கு முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய மூன்றில் ஒன்று! எட்டுப் பெற்றால்தான் அது பத்தில் ஒன்றாகக் குறையும். எட்டுப் பெற்ற நம் கொள்ளுப்பாட்டிக்கு முன்யோசனை இல்லை என்று எவரும் கூற முடியாது.

இனி, பிறக்கும் நூறு குழந்தைகளில் 97 பிழைப்பதாகக் கொண்டு அதே கணக்கைப் போடுக. நான்கு பெற்றால் மகன் இல்லாமற் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழுதான். ஆக, எட்டுப் பேறு தந்த நம்பிக்கையை இப்போது நான்கு பேறே தந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஓராண்டுக்குள் இறக்கும் சிசுக்களின் எண்ணிக்கை 1971-இல் ஆயிரத்துக்கு 113; 1991-இல் 57; 2020-இல் 13. துணைச் செவிலியரும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் தடுப்பூசியும் செய்த அரும்பணி இது. இப்போது இம்மாநிலத்தில் வீட்டில் நடக்கும் பிரசவம் மிக அரிது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நலவாழ்வு நம்மை எட்டிலிருந்து நான்கிற்குத்தான் கொண்டுவரும். தமிழ்நாடு நான்கில் நிற்கவில்லை. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையை மொத்தக் கருவள வீதம் என்பர். இது 1971-இல் இங்கு 3.9, இந்தியா முழுவதற்கும் 5.2. 1991-இல் இங்கு அது 2.2 ஆயிற்று. 2020-இல் 1.4. மகன் ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்ற கணக்கே மாறினாலன்றி இது நிகழாது.

மாட்டுக் கொட்டிலிலிருந்து பள்ளிக்கு

பழைய தஞ்சைப் பண்ணைகளில் ஒரு குடும்பம் முழுவதுமே மிராசுதாருக்குக் கட்டுப்பட்டிருந்தது. உழவுக்கு ஆண், நடவுக்கும் களைக்கும் பெண், மாடு மேய்க்கச் சிறுவன். நடவுக்குச் செல்லும் தாயின் கைக்குழந்தையைச் சுமக்க மூத்த பெண். ஆறு ஏழு வயதிலேயே பிள்ளை தன் கஞ்சியைத் தானே சம்பாதித்தது. அத்தகைய நிலையில் இன்னொரு பிள்ளை என்பது செலவன்று, வரவு. 1952-இல் வந்த பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் அக்கட்டைச் சிறிது தளர்த்தியது. அதற்குப் பின்னால் உழவுத் தொழிலாளர்களின் நெடிய போராட்டம் இருந்தது. போராட்டம் அத்துடன் முடிந்துவிடவுமில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையானதை நாடறியும். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளிகள் எழுந்தன. 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இதைப் பசி தீர்க்கும் ஏற்பாடு என்று மட்டும் பார்ப்பது போதாது. கொட்டிலில் கிடைத்த கஞ்சிக்கு எதிராகப் பள்ளியில் ஒரு தட்டுச் சோறு வைக்கப்பட்டது. சட்டத்தால் செய்ய முடியாததைச் சோறு செய்தது. மாடு மேய்த்த சிறுவன் பள்ளிக்குப் போனான். அவனுக்குச் சட்டை வேண்டும், சிலேட்டு வேண்டும், பிறகு பஸ் செலவு வேண்டும். வரவாக இருந்த பிள்ளை செலவாக மாறினான். கல்வி பரவும்போது செல்வம் பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குப் பாய்வது நின்று, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பாயத் தொடங்கும். அப்போதுதான் பிறப்பு குறையும் என்று ஆஸ்திரேலிய அறிஞர் ஜான் கால்டுவெல் கூறியது இதைத்தான்.

பெண் குழந்தைகளின் கதை இன்னும் கடினமானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பெண்களோ நூற்றில் ஒருவர். 1883-இல் திருவாரூரில் பிறந்து மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார், தேவதாசி முறையை ஒழிக்க வாழ்நாள் முழுவதும் போராடியவர். 1962-இல் மறைந்த அவர் பெயரில் 1989-இல் தமிழக அரசு ஒரு திருமண உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தது. மணப்பெண் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தால்தான் உதவி என்பது அதன் நிபந்தனை. பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தக் காரணமாக இருந்த கல்யாணத்தையே, பள்ளியில் வைத்திருக்கக் காரணமாக்கிய தந்திரம் அது! 2022-இல் அத்திட்டம் மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டமாயிற்று.

படிப்பு நீண்டால் மணம் தள்ளிப்போகும். இதன் விளைவு குழந்தைகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒரு வழியில் ஒவ்வொரு தாயும் 18 வயதில் மூத்த மகளைப் பெற்றால் நூறு ஆண்டுகளில் ஐந்து தலைமுறைக்கு மேல் ஆகும். 23 வயதில் பெற்றால் நான்கு தலைமுறைதான். பெறுவது அதே எண்ணிக்கையாயினும் பெருக்கம் மெதுவாகும்.

எழுத்தறிவு மட்டும் போதுமா?

பள்ளியும் மருத்துவமனையும் இருந்தால் பிறப்பு தானே குறையும் என்று வாசகர்கள் முடிவு செய்துவிட வேண்டாம். 1991-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர் 51 விழுக்காடு. 2011-இல் பீகார்ப் பெண்களிடையேயும் அதே 51 விழுக்காடுதான். சிசு மரணம் அன்றைய தமிழ்நாட்டில் 57. 2011-இன் பீகாரில் 44, அதாவது பீகாரின் நிலை சற்று மேல். அப்படியிருந்தும் கருவள வீதம் 1991-இன் தமிழ்நாட்டில் 2.2, 2011-இன் பீகாரில் 3.6! இவ்வளவு பெரிய வேறுபாட்டை எழுத்தறிவாலும் சிசு மரணத்தாலும் மட்டும் விளக்க முடியாது.

வேறு என்ன இருந்தது? காவிரிப் படுகையின் நடவும் களையெடுப்பும் பெண்கள் செய்யும் வேலை. அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து, கூட்டாக வேலை செய்து, தம் கையில் கூலி வாங்கியவர்கள். மருத்துவமனைக்குப் போக அவர்களுக்குத் துணை தேவைப்படவில்லை. மற்றொன்று, பிள்ளைப்பேறு பெண்ணின் விருப்பத்துக்குட்பட்டது என்ற கருத்து இங்கு நெடுநாளாகவே மேடைகளில் பேசப்பட்டு வந்தது. அரசு குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லை உச்சரிக்கும் முன்பே, 1930-களில், பெரியார் 'குடி அரசு' இதழில் கருத்தடையை வற்புறுத்தி எழுதினார். பஸ்ஸும் சினிமாவும் வானொலியும் ஒரு வீட்டின் வழக்கத்தை அடுத்த வீட்டுக்கு விரைவாகக் கொண்டுசென்றன. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் மக்கள்தொகை ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெண் தானே கூலி பெற்றதற்கே முதலிடம் தரலாம் என்பது என் கருத்து.

கட்டாயம் இன்றி இது நடந்ததா? பெரும்பாலும் ஆம் எனலாம். சீனா 1979-இல் ஒரு குழந்தைக் கொள்கையைக் கொண்டுவந்தது. 1979-க்கும் 1991-க்கும் இடையே அங்குக் கருவள வீதம் 2.8-லிருந்து 2.0 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் கேரளத்தில் 3.0-லிருந்து 1.8 ஆகவும் தமிழ்நாட்டில் 3.5-லிருந்து 2.2 ஆகவும் குறைந்ததை அமர்த்தியா சென் எடுத்துக்காட்டினார். ஆயினும் நம் பக்கமும் கறை இல்லாமல் இல்லை. தொடக்க கால முகாம்களில் கருத்தடை செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில், குறிப்பாக வட இந்தியாவில், நடந்த கட்டாய அறுவைகளுக்குப் பின் ஆண்கள் விலகிக்கொண்டனர். சுமை முழுவதும் பெண்கள் மேல் விழுந்தது. ஆண்களுக்கான அறுவை எளிது, ஆபத்துக் குறைவு. இருந்தும் இன்று தமிழ்நாட்டில் அதைச் செய்துகொள்பவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மேலும், சேலம், தருமபுரி, மதுரை வட்டாரங்களின் சில பகுதிகளில், குறைவாகப் பெற வேண்டும் ஆனால் மகனும் வேண்டும் என்ற எண்ணம் பெண் சிசுக்கொலைக்கே இட்டுச்சென்றது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததன் காரணம் இதுவே.

நாற்காலிகளின் கணக்கு

மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத்தில் இடமும் குறையும். 1967 தேர்தலில் சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆயின. குடும்பத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக, 1971-ஆம் ஆண்டுத் தொகையின்படியே இடங்கள் தொடரும் என்று 1976-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. பின்னர் அந்த ஏற்பாடு, 2026-க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டிக்கப்பட்டது. இந்தக் கவலையின் நடுவே, 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் நடந்த ஒரு திருமண விழாவில், மணமக்கள் காலம் தாழ்த்தாது பிள்ளை பெற வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கேட்டுக்கொண்டார். பிறப்பைத் தடுக்க முப்பது ரூபாய் கொடுத்த மாநிலம் எழுபது ஆண்டுகளுக்குள் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

வயல்களிலும் மாற்றம் தெரிகிறது. உள்ளூரில் நடவுக்கு ஆள் போதாமல் இயந்திரங்கள் வந்துள்ளன. சில ஆண்டுகளாக மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்கள் வந்து நாற்று நடுகின்றன. இவர்களில் வங்கத்தார் வீடுகளில் பிறப்பு தமிழ்நாட்டைப் போலவே குறைந்துவிட்டது. பீகாரில் 2020-இல் கருவள வீதம் 3.0.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் முதல் தேதியை ஆதாரமாகக் கொண்டு அது நடைபெறும் என 2025 சூனில் மைய அரசு அறிவித்தது. அந்த எண்கள் வெளிவந்ததும் திருவாரூர் மாவட்டத்துக்கான பக்கத்தை எடுத்துப் பார்க்கும் மாணவர்கள், மொத்தத் தொகையோடு நின்றுவிட வேண்டாம். ஆறு வயதுக்குட்பட்டவர்கள் எத்தனை பேர், அறுபதைக் கடந்தவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு வரிகளையும் 2011-ஆம் ஆண்டுப் பக்கத்தோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவும்.